இரவல் கொடுத்த பேர்

தொண்ணூறுகளில் மைசூரில் யாராவது கேட்பாரற்றுச் செத்துப்போனால் போலீஸ்காரர்கள் கௌரிசங்கரின் ஆபீசுக்குப் போன் செய்வார்கள். அவர் ரயில்வேயில் குமாஸ்தா. போனை வைத்துவிட்டு மேலதிகாரியிடம் போய் அரைநாள் லீவு கேட்பார். யார் செத்தது என்று அந்த மனிதர் தலை நிமிராமலே கேட்பார். "தெரியாது சார், அதனாலதான் நான் போறேன்" என்பார் கௌரிசங்கர். இப்படிப் பதில் சொல்கிறவருக்கு லீவு இல்லை என்று சொல்லும் தைரியம் அந்த ஆபீசில் யாருக்கும் வரவில்லை.

ஊருக்கு உழைக்கிற பைத்தியம் அவருக்கு இளவயதிலேயே பிடித்துவிட்டது. தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை பொங்குகிறதா, ரத்ததான முகாமுக்கு ஆள் சேர்க்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவர்தான். கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசலில் அவருடைய சைக்கிளைப் பார்த்தால் பியூன் உள்ளே ஓடிப்போய் எச்சரிக்கை செய்வான். அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து லட்சுமிபுரத்தில் ஒரு வீட்டைக் கட்டிவிட்டுக் கண்ணை மூடினார், பின்னாலேயே அம்மாவும் போனாள். நாற்பதைத் தாண்டியும் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகவில்லை. சேவைக்காகக் கல்யாணத்தைத் தியாகம் செய்துவிட்டார் என்று ஊர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு பாராட்டுக் கூட்டத்தில் மேடையேறி ஒருவர் அந்தத் தியாகத்தை உருக்கமாக வர்ணித்தபோது, முன்வரிசையில் இருந்த அவருடைய சிநேகிதி மேதா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டாள். மேதா கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள்.

அவளுக்கு உண்மை தெரியும். தியாகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கௌரிசங்கரின் மனது ஆண்களிடம்தான் போகும். அங்கே இங்கே அலைந்து பயந்து பதுங்கி, கடைசியில் ஜடையனிடம் வந்து நின்றுவிட்டது.

ஜடையன் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரன், தமிழ்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பெண்ணுக்குப் பூ வைக்கக் கூடியிருந்த சபையிலேயே தனக்குப் பெண்சாதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணன் முனிராஜின் கையால் நன்றாக அடிவாங்கி, உதடு வீங்கிப்போய் மைசூர் பஸ் ஏறியவன். லாரி ஓட்டிப் பிழைத்தான். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் சாயங்கால நடையில் இரண்டு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டது. சில மாதங்களில் கௌரிசங்கர் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வந்தான். வாடகை என்பது அக்கம்பக்கத்துக்குச் சொன்னது. மாடிக் கட்டிலில் விரித்த துப்பட்டி ஒருநாளும் கசங்கியதில்லை.

வெளியில் அவரை சார் என்பான். வீட்டுக்குள் "ஏனுங்க" என்பான். அவர்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான் என்று மேதா கேலி செய்தால், ஆமாம் என்று அவள் தட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுவான். அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த மூலையில் இருந்தாலும் "என்னுங்க" என்று குரல் வரும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் கௌரிசங்கர் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அநாதைப் பிணங்களை எடுத்துப்போட ஒரு சமிதி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது நண்பர்கள் கூடினார்கள். ஊதுபத்தி வியாபாரி ஒருவர் தன் பழைய மெட்டடார் வண்டியைத் தானமாகக் கொடுத்தார். எத்தனை கழுவினாலும் அதில் ஊதுபத்தி வாசனை போகவே இல்லை. கட்சிக்காரர் சென்னப்பன் போலீஸ் அனுமதி வாங்கித் தந்தார். ஓட்டுவதற்கு ஜடையன் வந்தான். நண்பர்களுடைய ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. உறவு என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் சமிதி விலகிவிட வேண்டும். யாரும் வராத உடல்தான் சமிதிக்கு.

முதல் நாள், பிணவறையிலிருந்து புறப்பட்ட வண்டியைச் சுடுகாட்டுக்குப் பாதி வழியில் ஜடையன் ஓரங்கட்டி நிறுத்தினான். இறக்கணும் என்றான். அவர்கள் ஊர் வழக்கம் அது. செத்தவன் இருந்த வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் பாடையை இறக்கி, வீட்டு ஆள் ஒருவர் குனிந்து காதில் மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உயிர் மிச்சமிருந்தால் விழித்துக்கொள்ளும். இல்லையென்றால், தான் செத்தது அதற்குத் தெரிந்துவிடும். பேரைக் கேட்காமல் போனவன் செத்தது தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்பான் என்றான்.

இந்த ஆளுக்கு வீட்டு ஆளும் கிடையாது, பேரும் தெரியாதே என்று கௌரிசங்கர் சொன்னார். ஜடையன் தலையைச் சொறிந்தான். "ஊட்டு ஆளு நீங்கதானுங்க. பேரு வேணும்னா என்றதைக் கூப்புடுங்க. பேருதானே, தேஞ்சா போகுது?" என்றான்.

அப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பமானது. ரயிலில் அடிபட்டவர்கள், மழையில் விறைத்துப்போன பிச்சைக்காரர்கள், லாட்ஜில் பொய் விலாசம் எழுதிவிட்டு விஷம் குடித்தவர்கள், எல்லோருடைய காதிலும் கௌரிசங்கர் குனிந்து ஜடையா, ஜடையா, ஜடையா என்று கூப்பிட்டார். பெண்ணாக இருந்தால் மாதம்மா. அது ஜடையனின் செத்துப்போன அம்மா பேர். அவன் சில சமயம் ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடி, அவர் மூன்றாவது முறை கூப்பிட்டு முடித்ததும் "என்னுங்க" என்று பதில் கொடுத்துவிட்டுச் சிரிப்பான். அவர் திட்டுவார்.

பிணவறையில் வேலை செய்த கெம்பம்மாவுக்கு இது தெரியவந்த அன்று அவள் முகம் மாறிப்போனது. "பேட ஸ்வாமி, பேட" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், உயிரோடிருப்பவன் பேரைச் செத்தவர்களுக்குக் கொடுக்காதீர்கள், அவர்களுக்குச் சொந்தமாக வேறொன்றும் கிடையாது, கிடைத்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள், பேருக்குரியவனைத் தேடி வருவார்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். மேதா இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள். கௌரிசங்கரும் பகுத்தறிவோடு சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

அடுத்த ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம். தூறல். பாதி வழியில் இறக்கி வைத்திருந்த ஒரு கிழவரின் காதில் அவர் மூன்றாவது முறை கூப்பிட்டு நிமிர்ந்ததும் வண்டிப் பக்கமிருந்து "என்னுங்க" என்று கேட்டது. நனைந்துகொண்டு நிற்கிற நேரத்தில் விளையாட்டா என்று அவர் கோபமாகத் திரும்பினார். டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த டீக்கடையிலிருந்து ஜடையன் இரண்டு கிளாசுகளைத் துண்டால் மூடிக்கொண்டு அப்போதுதான் தாண்டி வந்துகொண்டிருந்தான்.

அவனிடம் மட்டும் சொன்னார். அவன் டீயைக் குடித்து முடித்தான். பிறகு, கூப்பிட்டவருக்கு மரியாதைக்குக் கிழவர் பதில் சொல்லியிருப்பார், பாவம், என்றான். இனிமேல் வேறு பேர் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கெஞ்சினார். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "குடுத்த பேரைத் திலுப்பி வாங்கறது நல்லாவா இருக்கும்?" என்றான். அன்றிலிருந்து கௌரிசங்கர் பயந்துகொண்டேதான் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கூப்பிட்டு முடித்ததும் முதலில் ஜடையன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பார்.

இந்த நிலைமையில்தான் கார்ப்பரேஷன் தேர்தல் வந்தது. சென்னப்பன் அவரை நிற்கச் சொன்னார். காவிரிக் கலவரத்தின்போது தமிழ் வீடு என்று கல் எறிந்த அதே தெருவில், இன்றைக்குக் கன்னடக்காரர்களே உங்களைத்தான் கேட்கிறார்கள் என்றார். அது உண்மையும்கூட. கௌரிசங்கருக்கு ஆசை பிறந்துவிட்டது. இத்தனை வருடம் வாசலில் நின்று கத்தியவர் உள்ளே போய் உட்கார்ந்து சாக்கடைகளை ஒரு கை பார்க்கலாமே.

ரயில்வே உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டு வேட்புமனு கொடுத்த மறுநாள் சென்னப்பன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே வராந்தாவில் நின்றுகொண்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் மாடி அறையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்களாம். "நமக்கெதுக்கு சார் வம்பு? கொஞ்ச நாளைக்கு அவன் வேற எங்கயாவது இருக்கட்டும். எலெக்ஷன் முடியட்டும், ஆமேல பாத்துக்கலாம்" என்றார், பாதிக் கன்னடத்தில். கௌரிசங்கர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஜடையன் வந்துவிட்டான். வண்டி நிற்கிற ஷெட்டிலேயே படுத்துக்கொள்கிறேன், அதிலென்ன, என்றான். அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிணம் ஏற்றுகிற வண்டியின் பலகையில் ஜடையன் போர்வையை விரித்துக்கொண்டான்.

ஷெட் நாலு தெரு தள்ளி. தினமும் காலையில் பிளாஸ்கில் காபி எடுத்துப் போய் அவர் அவனைப் பார்ப்பார். ஊதுபத்தி வாசனையில் நன்றாகத் தூக்கம் வருகிறது என்றான். இன்னொரு நாள், இடது தோளில் பிடித்துக்கொண்ட மாதிரி வலிக்கிறது என்றான். டாக்டரிடம் போகச் சொன்னார். ஓட்டுக் கேட்டு முடித்துவிட்டு நீங்களே கூட்டிப் போங்கள் என்றான்.

அதற்கு அடுத்த நாள் பால்காரி சாமியாத்தாள் சொம்பில் பாலை ஊற்றிக்கொண்டே ஒரு சமாசாரம் சொன்னாள். முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் இந்த கேட்டருகில் ஒரு ஆள் நின்றிருந்தானாம். மழையே இல்லை, ஆனால் வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்ததாம். ஜடையன் வீடு இதுதானா என்று கேட்டானாம். ஜடையன் இப்போது ஷெட்டில் இருக்கிறான் என்று இவள் வழி சொல்லிவிட்டாள். "நீ ஆருன்னு கேட்டனுங்க. நானும் ஜடையந்தான்னு சொல்லிப்போட்டுப் போயிட்டானுங்க. உங்க டிரைவருக்குப் பங்காளியா?" என்றாள்.

கௌரிசங்கர் காபி கலக்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். ஷெட் கதவு திறந்திருந்தது. ஜடையன் பலகையில் படுத்திருக்கவில்லை, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தான். தோளைத் தொட்டபோதே தெரிந்துவிட்டது. ஈரக் காலோடு பலபேர் வந்துபோனது மாதிரி சிமென்ட் தரை நெடுக ஈரமாக இருந்தது. தண்ணீர்க் குடம் கவிழ்ந்திருக்கலாம், அல்லது கூரை ஒழுகியிருக்கலாம் என்று பிற்பாடு மேதா சொன்னாள். குடம் நிமிர்ந்துதான் இருந்தது. அந்த வாரம் மழை பெய்யவில்லை.

முதலில் வந்து சேர்ந்தவர் சென்னப்பன். பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் கிடையாது. இதையும் நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். ஓட்டுப்பதிவு நெருங்கிவிட்டது, ஜடையன் என்று தெரிந்தால் ஊர் வாயை மூட முடியாது. யாரோ வழிப்போக்கன் ஷெட்டில் படுத்துச் செத்துப்போனான் என்று எழுதிக்கொள்ளலாம், ஸ்டேஷனில் நான் பேசிக்கொள்கிறேன், கெம்பம்மாவும் வாயைத் திறக்க மாட்டாள் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "யாரும் கேக்கலைன்னா பாடி சமிதிக்குத்தானே சார் வரும்? உங்க கையாலேயே எல்லாம் பண்ணிடலாம்" என்றார்.

பாவி மனிதர், சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கௌரிசங்கருக்கு அப்போது தேர்தல் ஞாபகமே இல்லை. ஆனால் தன் கையால் அவனுக்குக் கொள்ளி வைப்பது என்ற நினைப்பு அவரைக் கிறுகிறுக்க வைத்தது. உண்மையைச் சொன்னால் ஹனூரிலிருந்து முனிராஜ் வருவான். அடித்துத் துரத்தியவன் அண்ணன் என்ற உரிமையில் தூக்கிக்கொண்டு போவான். கூட வாழ்ந்தவர் டிரைவரின் முதலாளி என்ற அந்தஸ்தில் ஒரு மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அநாதை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அவன் முழுக்க முழுக்க இவருக்கே. ஊரிலிருந்த எத்தனையோ பிணங்களுக்கு உறவுக்காரராக நின்றவருக்கு, இந்த ஒருவனுக்கு உறவாக நிற்க அதைத் தவிர வேறு வழியே கிடையாது.

அவன் முகத்தைப் பார்த்தார். பேரில்லாத ஒவ்வொருத்தனுக்கும் தன் பேரைத் தூக்கிக் கொடுத்த முகம். அதைப் பேரில்லாமல் எரிப்பதா? வாய்விட்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, அதற்குள் வந்துவிட்டிருந்த கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

"இவன் பேரு ஜடையன். ஊரு ஹனூரு. இத்தனை வருஷமா எங்கூடத்தான் இருந்தான், எங்க வீட்டுல. அப்படியே எழுதிக்கோங்க."

சென்னப்பன் மெதுவாக வெளியே போனார். வார்டு முழுக்க அன்றைக்கே செய்தி பரவிவிட்டது. கௌரிசங்கர் டெபாசிட் இழந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் அதைப் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. மேதா ஹனூர் பஸ் ஸ்டாண்டுக் கடை ஒன்றுக்குப் போன் போட்டு முனிராஜுக்குச் சொல்லி அனுப்பினாள்.

முனிராஜ் மத்தியானத்துக்கு மேல் இரண்டு பங்காளிகளோடு வந்தார். கறுத்து ஒடுங்கிய மனிதர். தம்பியைப் பார்த்துவிட்டு சுவரோரம் குந்திக்கொண்டார். ஹனூருக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. சமிதி மெட்டடாரையே கௌரிசங்கர் எடுத்தார். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் ஜடையன்தான். நெற்றி சாய்ந்திருந்த அதே ஸ்டீயரிங்கை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் முனிராஜ். பின்னால் பங்காளிகள், அவர்களுக்கு நடுவில் அவன்.

நரசீபுரம் தாண்டி, ஆற்றுப் பாலத்தையும் தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கிற இடத்தில் முனிராஜ் முதல்முறையாக வாயைத் திறந்து நிறுத்தச் சொன்னார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் அடியில் பாடையை இறக்கினார்கள். கௌரிசங்கருக்கு அந்த வழக்கம் தெரியும், யார் கூப்பிட வேண்டும் என்பதும் தெரியும். அவர் பின்னால் போய் வண்டியோரம் நின்றுகொண்டார்.

முனிராஜ் குனியவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் பக்கம் பார்த்தார்.

"இருந்த ஊட்டுக்கும் காட்டுக்கும் நடுவாலதானுங்க எறக்கோணும். அவன் இருந்த ஊடு உங்க ஊடு, அதனாலதான் இங்கெ எறக்கச் சொன்னேன்" என்றார். துண்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டு, "ஊட்டு ஆளுதான் கூப்புடோணும். நான் அடிச்சுத் தொரத்துனவன். நீங்க கூப்புடுங்க" என்றார்.

கௌரிசங்கர் மண்டியிட்டார். எத்தனையோ காதுகளில் சொன்ன பேர். இந்த ஒரு காதுதான் அந்தப் பேருக்குச் சொந்தமான காது. ஜடையா என்றார். குரல் எழும்பவில்லை, காற்றுதான் வந்தது. கரும்புத் தோகைகூட அசையவில்லை.

இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார். காலியாக இருந்த டிரைவர் சீட்டிலிருந்து "என்னுங்க" என்று கேட்டது. அது அவனுடைய குரலாக இல்லை. சளி கட்டிய ஒரு கிழவரின் குரல். பங்காளிகளில் ஒருவன் வண்டியை விட்டு விலகி வந்தான். வெறும் ரோட்டில் ஊதுபத்தி வாசனை அடித்தது.

மூன்றாவது முறை, வீட்டுக்குள் கூப்பிடுவதுபோல, அவன் பின்கட்டில் இருந்தால் கேட்கிற அளவுக்கு, ஜடையா என்றார்.

கரும்புக்குள்ளிருந்து ஒரு குரல் என்னுங்க என்றது. மதகடியிலிருந்து ஒன்று. வந்த வழியிலிருந்து, பாலத்துப் பக்கமிருந்து, மரத்துக்குப் பின்னாலிருந்து. கரகரத்த குரல்கள், நாக்குக் குழறிய குரல்கள், மீசை முளைக்காத பிள்ளையின் குரல் ஒன்று. மாதம்மா பேரை வாங்கிக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். அவர்கள் என்னுங்க என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, "வா கண்ணு, வா" என்றார்கள்.

முனிராஜின் கை வந்து கௌரிசங்கரின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. "ஆருங்க இவங்கெல்லாம்?" என்று கேட்டார். அத்தனை வருடம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எங்கே போயிற்று என்று கௌரிசங்கருக்குத் தெரியவில்லை. இவர்கள் தேடி வந்தது பிடுங்கிக்கொண்டு போவதற்கு என்று நினைத்துப் பயந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"பயப்படாதீங்க. எல்லாம் உங்க தம்பி பேர்க்காரங்க. கூட வர்றாங்க" என்றார்.

நாலு பேரும் குனிந்து பாடையைத் தூக்கினார்கள். தோளில் பாரமே இல்லை. முனிராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் இன்னும் ஒருவர் தோள் கொடுக்க இடம் விட்டு, கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டார்.